பணியில் இறந்த தீயணைப்பு வீரருக்கு நினைவேந்தல்: எதைச் சொல்வது, எதை விடுவது

உங்கள் நிலையத்தில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தவர் ஒரு கிடங்குத் தீயில் இறந்துவிட்டார். மூன்று வாரத்தில் நினைவேந்தல் கூட்டம். ஏற்பாடும் முக்கிய உரையும் உங்கள் பொறுப்பு. வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்த மணியடிக்கும் மரியாதையை இங்கே செய்யலாமா, வயர்லெஸ்ஸில் ‘கடைசி அழைப்பு’ வைக்கலாமா, தியாகத்தை எப்படிச் சொல்வது, முன்பு பணி முடிந்து வீடு திரும்பிய இரவில் மாரடைப்பால் இறந்த இன்னொருவரின் பெயரையும் சேர்க்கலாமா, கல்வெட்டில் என்ன எழுதுவது, ஆண்டு நினைவுக்கு எந்த நாளைத் தேர்வு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால், அவர் இறந்த சில நிமிடங்கள் அவர் வேலை செய்த பதினேழு வருடங்களை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது என்று படுகிறது. மணி, கொடி, பேண்டு எல்லாம் ஒரு வாரத்தில் ஏற்பாடு செய்துவிடக்கூடியவை. அந்த மனிதரைப் பற்றிய சரியான தகவலைத் திரட்டத்தான் நாளாகும். அதனால் அதை இன்றே தொடங்குங்கள்.

முதலில் குடும்பம். துறை என்ன விரும்புகிறது என்பது அதற்குப் பிறகுதான். குடும்பத்தோடு பேச ஒரே ஒரு ஆளை நியமியுங்கள். நாலு பேர் போய் நாலு விதமாகக் கேட்டால் அவர்கள் எதற்கும் ‘சரி’ என்று சொல்லிவிடுவார்கள், பிறகு வருந்துவார்கள். அந்த ஒருவர் எழுதி எடுத்துப்போக வேண்டிய கேள்விகள் இவை: பெயரை எப்படி எழுத வேண்டும், எப்படி உச்சரிக்க வேண்டும், எந்தப் படத்தை வைக்கலாம், மத வழிபாடு உண்டா, வேண்டாமா, ஊடகம் வரலாமா, பிள்ளைகள் மேடைக்கு வருவார்களா, எதைப் பேசவே கூடாது. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் அதில்தான் பெரும்பாலான காயங்களைத் தவிர்க்க முடியும். மனைவியிடமும் பெற்றோரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். நினைவுப் பொருள் வழங்குவதாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டாகத் தயார் செய்யுங்கள். ஒரே ஒரு ஹெல்மெட்டையோ மடித்த கொடியையோ மேடையில் கொண்டுவந்து, அது மனைவிக்கா தாய்க்கா என்று எல்லார் கண்ணெதிரிலும் தடுமாறுவது அடிக்கடி நடக்கிற, முழுக்கத் தவிர்க்கக்கூடிய தவறு.

உரைக்கான தகவலை இரண்டு இடத்திலிருந்து எடுங்கள். ஒன்று ஏடுகள்: பணிப்பதிவேடு, பயிற்சிச் சான்றுகள், நிலையத்தின் நிகழ்வேடு. சேர்ந்த தேதி, பதவி உயர்வு, பணியாற்றிய நிலையங்கள், முடித்த பயிற்சிகள் எல்லாம் இதிலிருந்துதான் வர வேண்டும், யாருடைய நினைவிலிருந்தும் அல்ல. துக்கத்தில் இருப்பவர்கள் வருடத்தை மாற்றிச் சொல்வது இயல்பு. ‘ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியவர்’ போன்ற வரியை ஏடு உறுதி செய்யாவிட்டால் விட்டுவிடுங்கள். அரங்கில் பாதிப்பேருக்கு உண்மை எண்ணிக்கை தெரியும்.

இன்னொன்று அவருடைய ஷிஃப்ட் ஆட்கள். அவர்களிடம் ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘நல்ல மனுஷன்’ என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. வேலையைப் பற்றிக் கேளுங்கள். அழைப்பு மணி அடித்ததும் வண்டியில் எந்த இருக்கையில் உட்காருவார்? புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் நாள் எதைச் சொல்லிக்கொடுப்பார்? எதற்குக் கோபப்படுவார்? வண்டியில் எந்தப் பொருளை அவரே சரிபார்த்தால்தான் நிம்மதி? இப்படிக் கேட்டால் வருகிற பதில் வேறு மாதிரி இருக்கும். உதாரணமாக, ஹோஸைக் காயவைத்துச் சுருட்டும்போது, இரண்டு ஹோஸ்களை இணைக்கும் ஒவ்வொரு கப்ளிங்கிலும் விரலை விட்டு வாஷர் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார் என்று ஒருவர் சொல்லலாம். அந்த ரப்பர் வாஷர் கெட்டுப்போனால் இணைப்பில் தண்ணீர் பீய்ச்சும், தண்ணீர் வெளியேறும் முனையான நாசிலில் அழுத்தம் குறையும், உள்ளே நாசிலைப் பிடித்திருப்பவன்தான் அதன் விலையைக் கொடுப்பான். இதை நாலு வரியில் மேடையில் விளக்கினால், அவர் தன் சகாக்களை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது வந்திருக்கும் பொதுமக்களுக்கும் புரிந்துவிடும். ‘கடமை உணர்வு மிக்கவர்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது. இந்த மாதிரி இரண்டு, மிஞ்சினால் மூன்று சம்பவங்கள் போதும். அவற்றில் ஒன்றாவது சிரிப்பு வரவழைப்பதாக இருக்கட்டும். அரங்கு ஒருமுறை சிரித்துவிட்டால் குடும்பத்தின் தோளிலிருந்து பாரம் இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள்.

உரை ஏழு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 முதல் 100 தமிழ்ச் சொற்கள் போகும். ஆக 600 சொற்களுக்கு மேல் எழுதாதீர்கள். பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, பக்க எண் போட்டுக்கொள்ளுங்கள். கைபேசியைப் பார்த்துப் படிக்க வேண்டாம். திரை அணையும், அழைப்பு வரும். குரல் உடைந்தால் படித்து முடிக்க இன்னொருவர் கையில் ஒரு பிரதி இருக்கட்டும். அவர் முதல் வரிசையில் ஓரமாக உட்கார வேண்டும். குடும்பத்திடம் உரையை முன்கூட்டியே காட்டுங்கள். அலங்காரத்தைத் திருத்த மாட்டார்கள், தகவல் பிழையை உடனே பிடித்துவிடுவார்கள்.

தியாகத்தைச் சொல்லும் விதத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. ‘தன் உயிரைத் துச்சமென மதித்து’ என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர் உயிரைத் துச்சமாக மதிப்பவர் அல்ல. உள்ளே போகுமுன் மூச்சுக்கருவியின் அழுத்தமானியைப் பார்க்கிறார், முகமூடியின் கசிவைச் சோதிக்கிறார், ஜோடியாகத்தான் நுழைகிறார், எத்தனை மணிக்கு எவ்வளவு அழுத்தத்தோடு போனார் என்பது வெளியே பலகையில் பதிவாகிறது. 300 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) காற்றுச் சிலிண்டரில் அழுத்தம் ஏறக்குறைய 55 பாருக்கு இறங்கும்போது எச்சரிக்கை விசில் ஊதும். அதற்கு முன்பே வெளியே வந்துவிடக் கற்றுக்கொடுக்கப்பட்டவர் அவர். இத்தனைக்குப் பிறகும் ஆபத்து மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தே போனார் என்பதுதான் அவருடைய துணிச்சல். அதை அப்படியே சொல்லலாம். அசட்டுத் துணிச்சலை வீரமாகக் கொண்டாடினால், கேட்டுக்கொண்டிருக்கும் இருபத்தோரு வயது புதியவனுக்குத் தவறான பாடம் போய்ச் சேரும்.

அன்று நடந்ததைப் பற்றி விசாரணை முடியும்வரை மிகக் குறைவாகப் பேசுங்கள். அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, எந்த இடம், அவருக்கு எந்தப் பணி ஒதுக்கப்பட்டது, எப்போது இறந்தார் என்பவை பதிவில் உள்ளவை, சொல்லலாம். கூரை ஏன் சரிந்தது, யார் உத்தரவு கொடுத்தது, வெளியேறும் அழைப்பு கேட்டதா இல்லையா என்பதெல்லாம் ஊகம். மேடையில் சொன்ன ஊகம் அடுத்த நாள் செய்தியாகும். பிறகு விசாரணை அறிக்கை வேறு சொன்னால் குடும்பம் இரண்டாவது முறை அடிபடும். ‘வீணாகப் போய்விட்டார்’ என்ற பேச்சு எழுந்தால் கவனம் தேவை. அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் 1999 டிசம்பர் 3 அன்று கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கில் தீப்பிடித்தது. உள்ளே வீடற்றவர்கள் இருக்கலாம் என்ற தகவலின் பேரில் இரண்டு வீரர்கள் தேடப் போனார்கள். வழிதவறிய அவர்களைத் தேடி மேலும் நால்வர் போனார்கள். ஆறு பேரும் இறந்தார்கள். தேடப்பட்டவர்கள் ஏற்கெனவே வெளியேறிவிட்டது பின்னால்தான் தெரிந்தது. உள்ளே போக அந்த ஆறு பேர் எடுத்த முடிவையும் அந்த நேரத்தில் அவர்களிடம் இருந்த தகவலை வைத்துத்தான் எடைபோட வேண்டும். உங்கள் உரையிலும் அதே அளவுகோல் இருக்கட்டும்.

மாரடைப்பால் இறந்தவரின் பெயரைச் சேர்க்கலாமா என்றால், என் பதில் ‘சேர்க்க வேண்டும்’. ஆனால் எந்த வார்த்தையில் சேர்ப்பது என்பதைத் துறைத் தலைமையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ‘பணியில் மரணம்’ என்பது சட்ட வரையறை, அதை ஒட்டி இழப்பீடு இருக்கலாம். மருத்துவப் பக்கத்தில் சந்தேகம் குறைவு. அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய 45 சதவீதத்தினரின் மரணத்துக்கு இதயக் கோளாறே காரணம் என்று 2007-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. கடும் உழைப்புக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் வரும் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் பணி சார்ந்ததாகக் கருத 2003-இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புப் பணியையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என முதல் பிரிவில் வகைப்படுத்தியது. இது தொழிலைப் பற்றிய முடிவு. ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு வந்த நோய் இதனால்தான் வந்தது என்று மேடையில் அடித்துச் சொல்ல இது போதாது.

இனி மணி. தந்தி வழியாகத் தீ அறிவிப்பு அனுப்பிய காலத்துக் குறியீடுகளிலிருந்து வந்த வழக்கம் இது, அதில் ஐயமில்லை. எத்தனை அடி என்பதில்தான் குழப்பம். பல இடங்களில் ஐந்து ஐந்தாக மூன்று தொகுதி, நியூயார்க்கில் ஐந்து ஐந்தாக நான்கு, வேறு சில துறைகளில் மூன்று, மூன்று, ஐந்து. இணையத்தில் ஒவ்வொன்றுக்கும் உருக்கமான விளக்கம் இருக்கிறது. அவற்றில் பல பின்னால் எழுதப்பட்டவை. ‘இதுதான் உலக மரபு’ என்று அறிவிக்காமல், ‘தீயணைப்புத் துறைகள் பலவற்றில் உள்ள மரியாதை’ என்று அறிவித்துவிட்டுச் செய்யுங்கள், தவறில்லை. துறைக்குச் சொந்த முறை இருந்தால் அதற்கே முன்னுரிமை.

செய்முறை: இரண்டு நொடிக்கு ஓர் அடி, தொகுதிகளுக்கு நடுவே ஆறு நொடி. ஐந்து ஐந்தாக மூன்று தொகுதிக்கு மொத்தம் முக்கால் நிமிடத்துக்குள் முடியும். விளக்க உரையை முதலில் வாசித்து முடித்து, வாசித்தவர் பின்வாங்கிய பிறகே மணி. அடிக்கப் போகிறவர் முந்தின நாளே அதே மணியில் பயில வேண்டும். நாக்குக் கயிறு நீளமாக இருந்தால் நாக்கு துள்ளி இரண்டாம் முறை இடிக்கும், எண்ணிக்கை கெடும். கயிற்றைக் கைப்பிடி நீளத்துக்கு முடிச்சுப் போட்டுக் குறைத்துவிட்டு, அடித்த கையை உடனே வெளியே இழுத்து நிறுத்தச் சொல்லுங்கள். மைக்கை மணியின் வாய்க்கு நேராக வைத்தால் ஒலிபெருக்கி கிழிந்த சத்தம் போடும். ஒரு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் வையுங்கள். சின்ன அரங்கில் மைக்கே வேண்டாம்.

வயர்லெஸ் கடைசி அழைப்பில் எனக்கு அரை மனசுதான். கட்டுப்பாட்டு அறை அவருடைய அழைப்புக் குறியை மூன்று முறை கூப்பிடும், பதில் வராது, பிறகு அவர் பணியை முடித்துக்கொண்டதாக அறிவிக்கும். கேட்கிற எல்லாரையும் உடைத்துவிடும் நிகழ்வு இது. சில குடும்பங்களுக்கு அது ஆறுதல், சிலருக்கு அந்த மௌனம் தாங்க முடியாதது. எந்தக் குடும்பம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று வெளியிலிருந்து கணிக்க வழியில்லை, அதனால் வாசகத்தைப் படித்துக்காட்டி ஒப்புதல் வாங்காமல் வைக்காதீர்கள். அவர் கடைசியாக வயர்லெஸ்ஸில் உதவி கேட்டிருந்தால் இதை முற்றிலும் தவிர்ப்பதே நல்லது. வைப்பதானால் நடப்பு அலைவரிசையில் நேரடியாகச் செய்யாதீர்கள். நடுவில் நிஜ அழைப்பு வந்தால் இரண்டும் கெடும். முன்பே பதிவு செய்து ஒலிபரப்புவது பாதுகாப்பு. அரங்கில் உள்ள எல்லா வாக்கிடாக்கிகளையும் அதற்கு முன் அணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒலிபெருக்கி பக்கத்தில் கீச்சிடும்.

மேடையில் அவருடைய ஹெல்மெட்டையும் பூட்ஸையும் வைக்க நினைக்கிறீர்கள். தீயில் அவர் அணிந்திருந்தவை வேண்டாம். மூச்சுக்கருவி, உடை, ஹெல்மெட் எல்லாம் விசாரணைக்கான சான்று. கழுவவோ துடைக்கவோ கூடாது, யாரிடமும் உணர்ச்சிவசப்பட்டுக் கொடுத்துவிடவும் கூடாது. தவிர, புகைக்கரி படிந்த துணியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் இருக்கும். அதைப் பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழும்படி வைப்பது சரியல்ல. அணிவகுப்பு உடையும் வேறொரு ஹெல்மெட்டும் போதும். தேசியக் கொடி போர்த்துவது நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் விஷயம். இந்தியாவின் 2002 கொடி விதித்தொகுப்பு தனிப்பட்ட இறுதிச் சடங்குகளில் கொடி போர்த்துவதை அனுமதிப்பதில்லை, அரசு மரியாதைக்கும் படைகளுக்கும்தான் விலக்கு உண்டு. துறையின் எழுத்து உத்தரவு கையில் இல்லாமல் கொடியைத் தொடாதீர்கள். துறைக்கொடிக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

மௌன அஞ்சலி ஒரு நிமிடம் என்றால் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம். பதற்றத்தில் இருபது நொடியிலேயே ‘நன்றி, அமரலாம்’ என்று தொகுப்பாளர் சொல்லிவிடுவார்.

அவரோடு அன்று உள்ளே போனவர்களை மேடையேற்ற வற்புறுத்தாதீர்கள். விரும்பினால் மலர்வளையத்தை அவர்கள் எடுத்துவரட்டும், அதுவே போதும். அந்த ஷிஃப்ட் முழுக்க வர, அன்று நிலையத்தைப் பக்கத்து நிலையம் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். இதை மறந்துவிட்டு, நெருங்கிய சகாக்கள் வாசலில் வண்டியோடு காத்துக்கொண்டிருக்கும் நிலை வரக்கூடாது. சம்பவத்துக்குப் பிறகு எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து மனதில் உள்ளதைக் கொட்டச் சொல்லும் ஒற்றை அமர்வு பல துறைகளில் வழக்கம். அது பிற்கால மனஉளைச்சலைத் தடுக்கும் என்பதற்கு நல்ல சான்று கிடைக்கவில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்கள் அதைப் பரிந்துரைப்பதும் இல்லை. சில வாரம் தொடர்ந்து விசாரிப்பது, தூக்கமின்மையும் திடீர் நினைவுகளும் ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மனநல நிபுணரிடம் அனுப்புவது, இதுதான் இப்போது ஏற்கப்பட்ட வழி.

பிள்ளைகளிடம் ‘அப்பா தூங்குகிறார்’, ‘வெளியூர் போயிருக்கிறார்’ என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘இறந்துவிட்டார்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதுதான் அவர்களுக்கு நல்லது. சகாக்கள் ஆளுக்கொரு பக்கம் அவரைப் பற்றி எழுதிய காகிதங்களைச் சேர்த்து ஒரு கோப்பாகப் பிள்ளைகளுக்கு என்று கொடுங்கள். இன்று படிக்கும் வயது இல்லாவிட்டாலும் பின்னால் அதைத் தேடுவார்கள்.

வருடாந்தர நினைவுக்கு நாள் தேர்வு செய்யவும் கேட்டிருந்தீர்கள். அவர் இறந்த நாள் குடும்பத்துக்கு உரியது, அதைத் துறை நிகழ்ச்சியாக்க வேண்டாம் என்பது என் கருத்து. பொதுவாக நினைவுகூர ஏற்கெனவே நாட்கள் உள்ளன. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிபொருளும் பஞ்சும் ஏற்றியிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ கப்பல் வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். இந்தியாவில் அந்த நாளே தீயணைப்புப் பணி நாள். உலக அளவில் மே 4. அதன் பின்னணி 1998 டிசம்பர் 2: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லின்டன் என்ற இடத்தில் காற்றின் திசை மாறியதும் காட்டுத்தீ ஒரு வண்டியைச் சூழ்ந்து, அதிலிருந்த ஐந்து தன்னார்வ வீரர்களும் இறந்தார்கள். அதைத் தொடர்ந்துதான் ஒரு பொது நினைவு நாள் வேண்டும் என்ற யோசனை 1999-இல் பரவியது. அந்த விசாரணைக்குப் பிறகு, வண்டித் தண்ணீரில் ஒரு பங்கைக் குழுவின் சொந்தப் பாதுகாப்புக்காகத் தீர்க்காமல் வைத்திருக்கும் நடைமுறையும், குறைந்தபட்சப் பயிற்சி இல்லாதவரைத் தீக்கு அனுப்பாத விதியும் அங்கே வலுப்பட்டன. எனவே ஆண்டு நினைவில் மாலை போடுவதோடு நிறுத்தாமல், உங்கள் வீரரின் விசாரணை அறிக்கை வந்ததும் அதிலுள்ள ஒரு பரிந்துரையை எடுத்து அன்று காலை அரை மணி நேரம் பயிற்சியாகச் செய்யுங்கள். குடும்பத்தை அதற்கு அழைக்க வேண்டாம். பயிற்சி முடிந்து மரியாதைக்கு அழைத்தால் போதும்.

கல்வெட்டு: பெயர், பதவி, பிறந்த, சேர்ந்த, இறந்த தேதிகள், இறந்த இடம், என்ன பணியில் இருந்தார் என்று ஒரு வரி. ‘கிடங்குத் தீயில் தேடுதல் பணியின்போது’ என்றால் அது ஏட்டில் இருப்பதோடு பொருந்த வேண்டும். மரணத்துக்குப் பின் பதவி உயர்வு வர வாய்ப்பிருந்தால் கல்லை வெட்ட அவசரப்படாதீர்கள், தற்காலிகப் பலகை வையுங்கள். பிற்காலத்தில் இன்னொரு பெயர் சேர வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள். ஒரே கல்லில் கீழே இடம் விட்டு வைப்பது குடும்பத்துக்கு அபசகுனமாகப் படும், தனித்தனிப் பலகையாக வைப்பதே நல்லது. கல்தச்சரிடம் கொடுக்கும் முன் வாசகத்தை உண்மையான அளவில் காகிதத்தில் அச்சிட்டு, வைக்கப்போகும் இடத்திலேயே சுவரில் ஒட்டி, மூன்று மீட்டர் தள்ளி நின்று படித்துப் பாருங்கள். ல, ள, ழ, ந, ன, ண, ர, ற வரும் இடங்களையும் முன்னெழுத்துகளையும் சான்றிதழோடு ஒப்பிட்டு, குடும்பத்தில் ஒருவரிடமும் பணிப்பதிவேட்டைப் பராமரிக்கும் எழுத்தரிடமும் அந்தக் காகிதத்திலேயே கையெழுத்து வாங்கிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.